கேரவன் வாங்கிவிட்டேன், மணி

என் செல்லத் தம்பி மணிக்கு,

நீ போனதிலிருந்து உன்னிடம் சொல்ல எத்தனையோ சேர்ந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. இன்று எழுதியே ஆகவேண்டும். அக்கா ஒரு கேரவன் வாங்கியிருக்கிறேன்.

சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற பெரிய வண்டி இல்லை. டிராவலர் வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கியது. பழையதுதான். முலுண்டில் வயதான ஒரு தம்பதியிடம் வாங்கினேன். "ஒனக்கு என்னத்துக்குக்கா இது?" என்றுதானே கேட்கிறாய்?

நாம் இரண்டு பேரும் கல்யாணம் கட்டாமல் தாராவி அறையிலேயே காலத்தை ஓட்டிவிட்டோம். நீ டூரிஸ்ட் வண்டி ஓட்டினாய். நான் செம்பூரில் பள்ளி வேன் ஓட்டினேன், இப்போதும் ஓட்டுகிறேன். எனக்கு தினமும் அதே சிக்னல், அதே பள்ளி வாசல். நீ மட்டும் ஊர் ஊராகப் போய்வந்து, சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்வாய். இப்போது டிவியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடுகிறது. எப்போது திங்கள் வரும், பிள்ளைகள் வந்து வண்டிக்குள் கத்துவார்கள் என்று காத்திருக்கிறேன். நம்புவாயா?

அப்படி ஒரு ஞாயிறன்று போனில் இந்த வண்டியின் படத்தைப் பார்த்தேன். உன் கூட்டாளி இசக்கிமுத்துவிடம் காட்டினேன். அவனும் உன்னைப்போல டூரிஸ்ட் வண்டிக்காரன், அவனுக்குத்தானே தெரியும்.

"எக்கா, பழைய வண்டி வாங்குததே ரிஸ்கு. இதுல வண்டியும் பாக்கணும், வீடும் பாக்கணும்லா," என்றான்.

"ரெண்டையும் பாத்துச் சொல்லு. வாரியா?"

"வாரேன். ஆனா ஒங்கூட யாரு போவா?"

நான் அவன் கையிலிருந்து போனை வாங்கி, முலுண்டுக்காரர்களின் நம்பரை அழுத்தினேன்.

முலுண்டுக்கு இரண்டு பேரும் லோக்கல் ரயிலில் போனோம். வண்டியை விற்ற மாமா பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் சுற்றத்தான் வாங்கியிருக்கிறார்கள். மாமிக்கு முழங்கால் போய்விட்டதால் வண்டி கட்டடத்துக்குக் கீழே சும்மா நின்றது. இசக்கி அடியில் புகுந்து துரு பார்த்தான். நான் உள்ளே ஏறினேன். மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்.

"யாரோட போறதா இருக்கேள்?"

"எந் தம்பி வருவான். அவனும் டிரைவர்தான்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை, மணி. இசக்கி அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். திரும்ப உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகு மாமா எல்லாவற்றையும் உனக்குத்தான் சொன்னார். "செகண்ட் கியர் கொஞ்சம் இறுகும், தம்பிகிட்ட சொல்லுங்கோ." "தம்பி உயரமா? கட்டில் நீளம் போறுமா?" நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். உயரம்தான், ஆனால் காலை மடக்கிப் படுப்பான், சீட்டிலேயே தூங்கிப் பழகியவன் என்றேன். சொல்லச் சொல்ல, நீ எங்கோ சவாரியை இறக்கிவிட்டு வந்துகொண்டிருப்பதுபோலவே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஏமாந்துவிடவும் இல்லை. மெத்தையைத் தூக்கி, ஜன்னலுக்குக் கீழே பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிஸ்கட்போல உள்ளே போனது. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

"மழைக்கு அந்த ஜன்னல் ஒழுகும். நானே மொதல்ல சொல்லியிருக்கணும்," என்றார்.

இன்ஜின் நன்றாக இருக்கிறது, டயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றான் இசக்கி. ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் என்றே பதிந்திருக்கிறதா என்றும் பார்த்தான். நான் ஓட்டிப் பார்த்தேன். பள்ளி வேனைவிடப் பின்பக்கம் நீளம். திரும்பும்போது உள்ளே பாத்திரங்கள் ஓசையிட்டன. அதற்காகவே பிடித்துப்போனது. ஜன்னலுக்காக விலையைக் கொஞ்சம் குறைத்தார்கள், சரி என்றுவிட்டேன்.

திரும்பும்போது ரயிலில் இசக்கி கேட்டான். "ஏங்க்கா அப்பிடிச் சொன்ன?"

"தெரியலடே."

அவன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். தாதர் வரும்வரை திரும்பவே இல்லை.

வண்டியை எடுக்க நான் மட்டும் போனேன். மாமி எலுமிச்சை சாதம் இரண்டு பொட்டலம் கட்டி வைத்திருந்தார். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு தம்பிக்கு," என்றவர் கேட்டைப் பார்த்தார். "அவர் வரலையா? சாவியை அவர் கையில குடுக்கணும்னு மாமா காத்துண்டிருக்கார்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாமி, எந் தம்பி இல்ல. நெஞ்சுவலியில போயிட்டான். நான் தனியாத்தான் போறேன்."

மாமா சாவியோடு அப்படியே நின்றார். மாமி வண்டிப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவர் பேரென்ன?" என்று கேட்டார்.

உன் பேரை யாரும் என்னிடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று? சொன்னேன். மணிக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று கேட்டார். ஹரிஹரேஷ்வர் என்றேன். பாறையில் அலை அடிப்பதை, சவாரிக்காரர்கள் கோயிலுக்குள் போயிருக்கும்போது நீ தனியாக நின்று பார்த்ததை, நீ சொன்ன மாதிரியே சொன்னேன். மாமி காலை நீட்டி முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். எழுந்திருக்கவே இல்லை. பிறகு மாமா வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

வண்டி இப்போது தேவ்நாரில் இசக்கிக்குத் தெரிந்தவர் கேரேஜில் நிற்கிறது. டயர் மாற்றியாயிற்று, ஜன்னலுக்கு ஆசாரி வந்துபோனார். நேற்று மத்தியானம் அதற்குள்ளேயே சோறு பொங்கிச் சாப்பிட்டு, கட்டிலில் படுத்துப் பார்த்தேன். நம் அறையில் இருக்கிற அதே அமைதி. இன்னொரு வெற்று அறையைத்தான் வாங்கியிருக்கிறேனா, மணி?

தெரியவில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும். தீபாவளி லீவில் ஹரிஹரேஷ்வர் போகிறேன். கூட வருகிறேன் என்றான் இசக்கி, வேண்டாம் என்றுவிட்டேன். பன்வேலைத் தாண்டி நான் வண்டி ஓட்டியதே இல்லை.

நீ எப்போதும் சொல்வதுபோல, மலை இறக்கத்தில் நியூட்ரல் போடாமல் கியரிலேயே இறங்குவேன். கண் சொக்கினால் ஓரங்கட்டி, தூங்கி எழுந்துதான் கிளம்புவேன். என்னை அவசரப்படுத்த யாரும் இல்லை. உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பேச்சி அக்கா