இரண்டாம் எண் துப்பாக்கி

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நஸீஹாவின் ஸலாம். நான் சுகம். உம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே சிங்கப்பூரில், ஏலக் கம்பெனியில் இப்போது பழைய துப்பாக்கிகளை மதிப்பிடுகிறேன். பயப்படாதீர்கள், எல்லாம் உரிமம் உள்ளவை, தோட்டா இல்லாதவை. போன வாரம் செங்காங்கிலிருந்து பரமசிவம் என்ற பெரியவர், அப்பா விட்டுப்போன பிரெஞ்சு இரட்டைக்குழல் துப்பாக்கியைப் போலீஸ் அனுமதியோடு விற்கக் கொண்டுவந்தார். குழலைக் கழற்றினால் அடியில், சுட்டுச் சோதித்துப் பார்த்ததற்கான பிரான்ஸின் பழைய முத்திரை. மேலே தங்கத்தில் ‘2’ என்று பதித்திருந்தது.

“ஐயா, இது ஜோடியா செஞ்சது. ஒண்ணாம் நம்பர் எங்க? ரெண்டும் சேர்ந்தாத்தான் அபூர்வம்.”

“அண்ணன்கிட்ட. பிடோக்லதான் இருக்கார். அப்பா போனதுலேருந்து பேச்சே இல்ல லா.”

வெகுநேரம் யோசித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டார். நேற்று இருவரும் வந்தார்கள். இரண்டு துப்பாக்கிகளும் அப்படியே ஒத்துப்போயின. மதிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையமர்த்தினார்.

“வேணாம்மா. தெரிஞ்சா மறுபடி சண்டை வரும்.”

தம்பி சிரித்துவிட்டார். விற்காமலே போனார்கள். முதலாளிக்குத்தான் வருத்தம்.

உம்மா இடித்த மாசித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். தேக்கா மார்க்கெட்டில் வாங்குவது வேறு மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ரூமில்தான் இருப்பேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போன் போடுங்கள்.

ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

நஸீஹா