நான் சொல்லிக்கொடுத்த பாய்காட்

கொருக்குப்பேட்டை
14-8-1928

பழவேற்காட்டிலிருக்கும் மைத்துனன் சின்னப்பையனுக்கு கோதண்டம் எழுதிக்கொண்டது. நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் சுகந்தானே?

வெட்கக்கேடான சமாசாரம் ஒன்று. வேறு வாய் வழியாக உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று உன் அக்காள் சொக்கம்மாள் எனக்குச் சவரம் செய்தாள். மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. நியாயத்துக்காக மறுபக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.

நாவிதர் வருவதில்லை. காரணம் என் இங்கிலீஷ். எங்கள் தோல் கிடங்கில் மூட்டை தூக்கும் லூர்து, போன மாதம் பத்திரிகையும் பத்துப் பேருமாக வந்து, "நைனா, பாய்காட் பாய்காட்னு போட்டுக்கீது, இன்னா அது?" என்றான். குமாஸ்தா நான் சும்மா இருப்பேனா? அது ஒரு மனிதனின் பெயரடா என்றேன். அயர்லாந்தில் ஜமீன் ஏஜெண்டு. குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டப் பார்த்தான். ஊரே அவனோடு பேச்சை நிறுத்தியது, அறுப்புக்கு ஆளில்லை. அவன் பேரே வினைச்சொல்லாகி அகராதியில் ஏறிவிட்டது. ஒருவன் மட்டும் செய்தால் வெறும் கோபம், தெருவே சேர்ந்து செய்தால்தான் அந்த வார்த்தை என்று பிரயோகமும் கற்பித்தேன். நம்மூரில் எப்படி என்றான். நாவிதர், வண்ணார், பால்காரி, மருத்துவச்சி என்று விரல் மடக்கினேன்.

மறுவாரம் முதலாளி இரண்டு பேரை நீக்க, வேலைநிறுத்தம் வந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து நான் மட்டும் பின்வாசல் வழியாகக் கிடங்குக்குள் நுழைந்தேன். யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாளே நாவிதர் நின்றார். பிறகு வண்ணார். இன்று காலை பால்காரி அஜீசா நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். வரிசை பிசகவில்லை. லூர்துவை வழிமறித்தேன். அவன் சுவரைப் பார்த்துப் பேசினான்: "சொல்லிக்குடுத்த மன்சனே வந்து கேக்குது பாரு."

மிச்சம் மருத்துவச்சி கெங்கம்மா. என் மகள் வரலட்சுமிக்கு இது நிறைமாதம், தலைப்பிரசவம். கால் வீங்கிக் கிடக்கிறது. அவள் புரண்டு படுத்தாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வலி கண்டால் யார் கதவைத் தட்டுவேன்? சொக்கம்மாள் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. அவள் வையாமலிருந்து நான் பார்த்ததேயில்லை.

உன் சம்சாரம் நாலு பிரசவம் பார்த்த கை. என் முகத்துக்காக வேண்டாம், அந்தப் பெண்ணின் முகத்துக்காக அவளைக் கால்வாய்ப் படகில் உடனே அனுப்பிவை. உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
கோதண்டம்

பின்குறிப்பு: கெங்கம்மா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் இன்னும் போய்க் கேட்கவேயில்லை.