பாப்பாவின் மணல் டப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் வீட்டில் நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். மருத்துவமனையிலிருந்து நாம் இருவர் மட்டும் திரும்பிய அன்று, பாப்பாவின் மணல் டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னாய். போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. பூச்சி ஆய்வகத்தில் என் மேசைக்கடியில் வைத்து, அதிலிருந்த குழிநரிப் பூச்சிக்குத் தினம் ஓர் எறும்பு போட்டுவந்தேன். புனல் போன்ற குழியின் அடியில் காத்திருந்து, சரிந்து விழும் எறும்பைப் பிடித்து உறிஞ்சிவிடும்.

"இந்த மூஞ்சிக்கு இறக்கை முளைக்குமா? சும்மா கதை விடாதீங்கப்பா" என்பாளே பாப்பா.

அவளிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். புழுவாக இருக்கும்வரை குழிநரி மலம் கழிப்பதே இல்லை. வருஷக்கணக்கில் தின்றதன் கழிவையெல்லாம் உள்ளேயே வைத்திருக்கும். இறக்கை வந்த பிறகுதான் மொத்தமும் வெளியே வரும்.

"ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாம கல்லுளிமங்கன் மாதிரி நிக்கிறீங்களே" என்று சொல்லிவிட்டு நீ கிளம்பினாய். அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஒரு மாதமாகக் குழி இல்லை. மணலுக்குள் கூடு கட்டிக்கொண்டு கிடந்தது. இன்று காலை டப்பாவில் தட்டான் போல ஒன்று குச்சியைப் பற்றி நின்றது. இறக்கை விரிந்ததும், உள்ளே வைத்திருந்ததையெல்லாம் கழித்தது. நான் மேசைக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

டப்பாவின் கண்ணாடி மூடியை இன்னும் திறக்கவில்லை. நான் கதை விடவில்லை என்று காட்ட அவள் இல்லை. அவளுக்காக நீ வந்து பார். பார்த்துவிட்டு நீயே திற.

பாப்பாவின் அப்பா