சரிகை போட்ட கோடுகள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று காலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கார் சாமான் கடையில், ஒரு பாலிஷ் பாட்டிலைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்தபடி கண்ணை மூடி நின்றிருந்தேன். கடைப் பெண் பதறிப்போய், "அங்கிள், அது டானிக் இல்ல, கீழ வைங்க" என்றாள். ஸ்டியரிங் உறை வாங்க வந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரில் செய்தி போகும் வேகம் உனக்குத் தெரியும். நான் வீடு திரும்பியபோது என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "பாலிஷ் குடிக்கிற அளவுக்கு உங்களுக்கு இந்த வீட்ல இன்னா குறை வச்சேன்?"

கனிந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் தெளித்தது போன்ற அந்த வாசனைதான் உன் வாசனை. பெருநாளில் அத்தர் மணக்கும் என்று நம்பி உன்னைக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டே விலகியதை நான் பார்த்திருக்கிறேன். நீ கண்ணை மூடி ஒரு ரமலானும் கடந்துவிட்டது. வாசனையை மட்டும் எவனோ ஒருவன் ஆலையில் அடைத்து பாட்டில் பாட்டிலாக அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, உயிருக்குக் கார் என்று வாழ்ந்தவன் நீ. உன் கைப்பேசியில் கார்ப் பிரியர்கள் குழு ஒன்று இருந்தது. அதில் இருந்தவர்கள் பிள்ளைக்குப் பல் முளைத்தால் சொல்லமாட்டார்கள். பானெட்டில் காக்கை எச்சம் விழுந்தால் படத்தோடு சொல்வார்கள். எந்த பாலிஷ், எந்தப் பஞ்சு, எவ்வளவு அழுத்தம் என்று தினமும் சண்டை. நான் கையேட்டுக் கட்சி. மிக்சி வாங்கினால்கூட அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகுதான் சட்னி அரைக்க விடுவேன். கார் செய்தவனுக்குத் தெரியாதது கார் துடைப்பவனுக்குத் தெரியுமா என்பது என் வாதம். "பெத்தவளுக்குத் தெரியும்தான், ஆனா தலை சீவுறது யாருடா?" என்பது உன் வாதம்.

இந்த வழக்கு என் வீட்டு வாசலிலேயே விசாரணைக்கு வரும் என்று நாம் இருவரும் நினைக்கவில்லை.

என் மகளின் முகூர்த்தப் புடவை எடுக்க வாலாஜாபாத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்த நாள் அது. சம்பந்திக்கு அரிசி ஆலை. காரோ புத்தம் புதுசு, கறுப்பு. பட்டுக் கடைகள் உள்ள காந்தி ரோட்டில் அதை நிறுத்த இடம் கிடைக்காது என்று எங்கள் வீட்டுப் போர்டிகோவில் விட்டுவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் பாத்துக்குங்க சம்பந்தி. என் பையனைக்கூட நான் தொட உடறதில்ல." எல்லாரும் ஆட்டோவில் ஏறினார்கள். என்னை மட்டும் என் மனைவி இறக்கிவிட்டாள். "நீங்க வந்தா கடைக்காரங்கிட்ட ஊர்க்கதை பேசிக்கினே இருப்பீங்க."

சும்மா இருந்திருக்கலாம். காரின் மேல் செம்மண் தூசி படிந்திருந்தது. துடைத்து வைத்தால் சம்பந்தி மகிழ்வாரே என்று தோன்றியது. எதால் துடைப்பது? பட்டு நெய்யும் இந்த ஊர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கும் வராத புத்தி எனக்கு வந்தது. இருப்பதிலேயே மெத்தென்ற துணி பட்டுதானே? அலமாரியில் கிடந்த பட்டு வெட்டுத்துண்டை எடுத்து, தண்ணீர்கூடத் தெளிக்காமல், பக்தியோடு வட்டம் வட்டமாகத் துடைத்தேன். அந்தத் துண்டில் ஒரு சாண் சரிகைக் கரையும் இருந்தது. துடைத்து முடித்துச் சாய்ந்து பார்த்தால், பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள்.

உனக்குத்தான் போன் செய்தேன்.

"டேய், சீக்கிரம் வா. மானம் போவுது."

"உன்னுதுதானே, போனா போவுது. கடையில ஆளு இருக்குது."

"என் பொண்ணுதுடா."

கடை ஷட்டர் இறங்கும் சத்தம் போனிலேயே கேட்டது. ஸ்கூட்டரின் முன்னால் பாலிஷ் மிஷினைக் குழந்தை மாதிரி உட்காரவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். பானெட்டைப் பார்த்தாய், என் கையிலிருந்த துணியைப் பார்த்தாய்.

"சரிகையோடவா தொடச்ச? அது வெள்ளிக் கம்பிடா! பாத்திரம் தேய்க்கிற கம்பியால தொடச்சிருந்தா செலவாவது கம்மி."

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைகிற முதல் நாளிலேயே என் மகளுக்கு 'காரைக் கீறினவர் பொண்ணு' என்று பெயர் விழுந்துவிடும். அந்த நேரத்திலும் கையேட்டுக் கட்சி சும்மா இருக்குமா? காருக்குள்ளிருந்து கையேட்டை எடுத்து உரக்கப் படித்தேன். மிஷின் பாலிஷ் உரிமையாளர் தாமாகச் செய்யக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தை அணுகவும்.

"அணுகு. சாயங்காலம் அவரு வந்து கேட்டா, வண்டி அணுகப் போயிருக்குதுன்னு சொல்லு."

"உன் குழுவுல ஒருத்தன் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னானே, அவன் பேச்சைக் கேக்கணுமா?"

"அவனை அன்னிக்கே தூக்கியாச்சுபா. மிச்சம் இருக்கிறவன்லாம் சொந்த வண்டியில கை வச்சிக் கத்துக்கினவன். புக்கு எழுதினவன் உன்னை மாதிரி ஆளுங்களுக்குப் பயந்து எழுதினான்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அவன் பயந்ததும் நியாயம்தான்" என்றாய்.

பிறகு நீ செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு மெதுவாகிறது. காரைக் கழுவினாய். பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் டேப் ஒட்டிப் பிரித்தாய். மென்மையான பஞ்சு, இருப்பதிலேயே லேசான பாலிஷ். "இதுல போவலன்னா நிறுத்திடுவேன். உன் பொண்ணு போவப்போற வீட்டு வண்டியில பரீட்சை பாக்கமாட்டேன்." பிஸ்மில்லா சொல்லி மிஷினை வைத்தாய். நான் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி, எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாக அழைத்தேன்.

துடைத்துவிட்டு டார்ச் அடித்தாய். டேப்புக்கு இந்தப் பக்கம் வலை. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கறுப்பு என்பது நிறமாகத் தெரியவில்லை, ஆழமாகத் தெரிந்தது. விரல் விட்டால் முழங்கை வரை போகும் போலிருந்தது. மதியச் சோறு மறந்து, மற்ற இடங்களையும் அங்குலம் அங்குலமாக நீ முடித்தாய். காரை வாசலுக்குத் தள்ளியபோது, தெருமுனைக் கோபுரம் தலைகீழாக பானெட்டுக்குள் இறங்கி நின்றது. ஒவ்வொரு நிலையும், அவற்றில் ஒண்டியிருந்த புறாக்களும்கூட. நீ "சுப்ஹானல்லா" என்றாய். நான் "பெருமாளே" என்றேன்.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். காரைச் சுற்றி நடந்தார், குனிந்தார். புடவைப் பையை மார்போடு அணைத்தபடி என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ செய்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு இதுல கைய வச்சது?"

"நான்தாங்க," என்றாய் நீ, நான் வாயைத் திறப்பதற்குள். "தூசியா இருந்துச்சு."

அவர் இன்னொரு முறை குனிந்தார். "ஷோரூம்ல கூட இப்படி இல்லீங்களே!" பிறகு முன்கதவைத் திறந்து, "ஏறும்மா, கோயிலுக்குப் போயி புடவையை வச்சிக் கும்பிட்டு வரலாம்" என்று என் மகளை முன் இருக்கையில் உட்காரவைத்தார். கார் தெருமுனையில் திரும்பும்வரை நீ பார்த்துக்கொண்டிருந்தது அவளையா பானெட்டையா என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் கையேடு படிக்கிறேன். படித்ததும் அதை மூடிவிட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் முயன்று பார்க்கிறேன். புது டாக்டரை, புது சமையல்காரரை, நான் எழுதிய பத்தியை, எல்லாவற்றையும் உன்னைப் போலத் தலை சாய்த்து வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன். கல்யாணப் பந்திகளில் உன் கதையைச் சொல்லிச் சொல்லி, உன் டார்ச் இப்போது பெட்ரோமாக்ஸ் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கேட்பவர்கள் இலையில் கை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு பந்தியில் சம்பந்தியும் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: வாங்கிய அன்றே அந்தக் கார் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தாராம், சரிகை கீறியதும் நீ தேய்த்ததும் அந்த உறையைத்தான், அதில் விழும் மெல்லிய கீறல்கள், காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தினால் தானாகவே மறைந்துவிடுமாம்.