மூன்றாவது கட்டம்

ஜூன் 4, புதன்

தீனாவுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. யஸ்வந்த் குப்பம் யுனிவர்சிட்டியில் முதல் வகுப்பில் பாஸ். ரக்ஷிதா, திருப்பதியில் வெப்சைட் செய்கிற கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு வேலையை முழுக்க அவள் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். என் பேரப்பிள்ளைகள் யாரும் ஃபெயில் ஆனதில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். நான் எழுதி வைக்காமல் வேறு யார் எழுதுவது?

இங்கே சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கான வெப்சைட் அது. குடியாத்தம், காட்பாடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்காகத் தமிழிலும் வரப்போகிறது. எந்த விஷயத்தை எந்தத் தலைப்பின் கீழ் வைத்தால் ஜனங்கள் தானாகவே கண்டுபிடிப்பார்கள் என்று பார்ப்பது ரக்ஷிதாவின் வேலை. ஞாயிறன்று நம் வீட்டில் டெஸ்ட் வைக்கிறாளாம். தெருப் பெண்களை வரச்சொல்லச் சொன்னாள்.

ஜூன் 6, வெள்ளி

ரக்ஷிதா வந்துவிட்டாள். போனில் காட்டு என்று நச்சரித்தேன். “சரி, ரத்த டெஸ்ட் ரிசல்ட்டை எடு பாக்கலாம் ஆயா” என்றாள். ஆறு கட்டங்கள் இருந்தன, அதற்கு மெனு என்று பெயராம். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் அவளே காட்டினாள். மூன்றாவது கட்டம், ‘நோயறிதல்’. அதற்குள் போய்க் கடைசி வரி.

எனக்கே இந்தக் கதி என்றால் பக்கத்து வீட்டு ரத்தினம்மா என்ன செய்வாள்? அவள் தப்பாகத் தொட்டால் மார்க் போவது யாருக்கு?

விடமாட்டேன்.

ஜூன் 7, சனி

ரக்ஷிதா கடைக்குப் போன நேரத்தில் ரத்தினம்மாவையும் பொன்னியம்மாவையும் இன்னும் சில பேரையும் உட்காரவைத்தேன். தரையில் சாக்பீஸால் ஆறு கட்டம் போட்டேன். மூணாவது, அப்புறம் கடைசி வரி. திரும்பத் திரும்பத் தொடச் சொன்னேன்.

“பரீட்சை நமக்கா அக்கா, பாப்பாவுக்கா?” என்றாள் ரத்தினம்மா.

“பாப்பாவுக்குத்தான்டி. நீ தப்பு பண்ணா அவ ஃபெயிலு. ஒழுங்கா தொடு.”

ஜூன் 8, ஞாயிறு

ஒருத்திகூடத் தடுமாறவில்லை! ரக்ஷிதாவால் நம்பவே முடியவில்லை. உடனே அவள் மேலதிகாரிக்குப் போன் போட்டு, “இந்த மெனுவையே வச்சிக்கலாம் சார்” என்றாள். பாயசம் வைத்தேன்.

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை.

புதனன்று ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காட்டவேண்டும், அதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ரக்ஷிதா வந்தாள். கட்டங்களை இடம் மாற்றி வைத்திருந்தாள். எப்போதும் அப்படிச் செய்வார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதில் இப்போது ‘டாக்டர்கள்’. ரத்தினம்மா அதைப் படிக்கவே இல்லை. டக்கென்று மூன்றாவதைத் தொட்டாள், கடைசி வரியைத் தொட்டாள். பல் டாக்டர் போட்டோ வந்து நின்றது.

“வந்திருச்சு பாப்பா, ரிசல்ட்டு!” என்றாள்.

பொன்னியம்மாவும் அதே பல் டாக்டரிடம்தான் போனாள்.

ரக்ஷிதா போனைக் கீழே வைத்தாள். அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“சொல்லிக் குடுத்தியா ஆயா?”

“நீ பாஸாவணும்னுதான் கண்ணு.”

“டெஸ்ட்டு எனக்கில்ல ஆயா, அந்த மெனுவுக்கு. அவங்க எங்க தடுமாறுறாங்கன்னு தெரிஞ்சாதான என்னால சரி பண்ண முடியும்? ஒடம்பு முடியாம ஒருத்தி போனை வச்சிக்கினு தேடுவா, அப்ப நீ போய் பக்கத்துல நிப்பியா?”

சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் இன்னா பண்ணிட்டேன்? நல்லதுன்னு நெனச்சிதானே— சாருகிட்ட ஒரு தடவை சரின்னு சொன்னத இப்ப இல்லன்னு எப்படிச் சொல்லுவா? மொதல் வேலை. அவ பேர்ல வர்ற மொதல் வேலை.

நான் சொல்லிக்கொடுக்காத ஆட்களை நாளைக்குக் கூட்டிவருவேன்.

ஜூன் 15, ஞாயிறு

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். குடியாத்தம் பஸ்ஸுக்கு நின்ற புருஷன் பெண்டாட்டி, ஒரு ஆட்டோக்காரர், விஜயபுரத்துப் பூக்காரி. காபி தருகிறேன், கொஞ்ச நேரம் வாருங்கள் என்று கெஞ்சினேன். பூக்காரி, “சீட்டு கீட்டு சேக்கறியா?” என்று சந்தேகப்பட்டாள். வந்தார்கள்.

“நீ பின்னாடி நில்லு ஆயா. மூச்.”

முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பூக்காரி எங்கெங்கோ போனாள். கை காட்டத் துடித்த என் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அவள் வழி தெரியாமல் முட்ட முட்ட ரக்ஷிதாவின் பேனா வேகமாக ஓடியது. முகம்கூடத் தெளிந்தது. இது என்ன அதிசயம்!

“டெஸ்ட்டு எழுதிக் குடுத்தது டாக்டரு. ரிசல்ட்டு அவர் பேருகிட்டதான இருக்கணும்? நோயறிதல்னா இன்னாம்மா?” என்றாள் பூக்காரி. மற்றவர்களும் டாக்டர்கள் கட்டத்தில்தான் முதலில் தேடினார்கள். ரக்ஷிதா அட்டைகளில் ஒவ்வொரு விஷயமாக எழுதி, சேர்ந்து போகிறவற்றை அடுக்கச் சொன்னாள். ரிசல்ட் அட்டையை டாக்டர் பெயர்களோடுதான் வைத்தார்கள்.

சாயங்காலம் போன் போட்டு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “எங்க ஆயா சொல்லிக் குடுத்துட்டாங்க சார்” என்பதையும். அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் பேசினார். இவள் “யெஸ் சார்” மட்டும் சொன்னாள். புதன்கிழமையை ஒரு வாரம் தள்ளித் தரச்சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்பாராம்.

ஜூன் 17, செவ்வாய்

தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். அதுபோதும்.

ஜூலை 20, ஞாயிறு

வெப்சைட் திறந்துவிட்டார்கள். ரத்தினம்மா சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட்டை அவளே எடுத்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

“எத்தினியாவது கட்டம்டி?” என்று கேட்டேன்.

“யாரு கண்டா அக்கா? டாக்டரு பேரு இருந்திச்சு, தொட்டேன், வந்திருச்சு.”

ரக்ஷிதாவுக்கு அடுத்த வேலையும் கொடுத்திருக்கிறார்கள். இதை நம் குடும்ப குரூப்பில் போட்டவள், கூடவே நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவையும் போட்டிருக்கிறாள். எப்போது எடுத்தாளோ! தீனா வரிசையாகச் சிரிப்பு பொம்மை அனுப்பியிருக்கிறான்.

குரூப்பில் பேசி அனுப்பினேன்: “அத எடுத்துடு கண்ணு. புதுசா ஒரு போட்டோ போடு. நீ மட்டும் நிக்கறாப்ல, கழுத்துல கம்பெனி அட்டை நல்லா தெரியறாப்ல.”