பதில் வராத வகுப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

தொலைநிலைப் படிப்புகளை மதிப்பிடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். புள்ளியியல் நடத்துகிறவள் என்பதால் எண்கள் என்றாலே நான்தானாம். டீன் போகொமில் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். கோடையில் தலைநகர் சோஃபியாவிலிருந்து தரநிர்ணயக் குழு வருகிறது, அதற்குள் எங்கள் இணையவழிப் பாடங்கள் எப்படி இருக்கின்றன என்று ஓர் அறிக்கை வேண்டும் என்றார். நன்றாக இருக்கின்றன என்று எழுதித் தர வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்லிவைத்தேன். என் கணவன் ராஷ்கோ நீர்ப் பொறியியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், நான் மதிப்பிடப்போவதில் அவன் பாடங்களும் உண்டு. டீன் சிரித்தார். இந்த ஊரில் பாதிப் பேர் நம் மாணவர்கள்தானே என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் இஸ்க்ரா எண்களை எடுத்துத் தந்தாள். மாணவர் திருப்தி ஐந்துக்கு நாலே முக்கால். அநேகமாக எல்லோரும் தேர்ச்சி. “இத மட்டும் பாத்தா நம்ம காலேஜ் சொர்க்கம்தான்க்கா” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு பாடங்களைத் திறந்து பார்த்தேன். பழைய புத்தகத்தின் பக்கங்களைச் சாய்வாகப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். காணொளியில் ஒரு குரல் அதையே வாசிக்கிறது. ஒரு மணி நேரம் கேட்டேன். கண் சொக்கிவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

எண்கள் போதாது, ஒரு மாணவன் படிப்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. வீட்டிலேயே ஒருவன் இருக்கிறானே. ராஷ்கோவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

மடிக்கணினியில் நீரியல் காணொளியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டான். தொலைக்காட்சியில் கால்பந்து. காணொளி முடிந்ததும் தேர்வு. கேள்விகள் வருஷா வருஷம் அதேதான். மூன்று தடவை எழுதலாம். விடைகள் அவர்கள் வைபர் குழுவில் சுற்றுகின்றன. பத்து நிமிஷத்தில் முழு மதிப்பெண். திருப்தியா என்று தளம் கேட்டது. ஐந்து நட்சத்திரத்தையும் தட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான்.

“இதுக்கா படிக்கச் சேர்ந்த?” என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னான்: “ஆரம்பத்துல ஒழுங்காத்தான் படிச்சேன் நெவேனா. போன அக்டோபர்ல ஒரு கேள்வி கேட்டு எழுதினேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல. அப்புறம் எனக்கு மட்டும் என்ன வேண்டுதலா?”

பிப்ரவரி 16, திங்கள்

தளத்தில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவன் கேள்வி அங்கே இருக்கிறது, மரியாதையாக, எழுத்துப்பிழைகளோடு. அதற்கு மேலும் கீழும் மற்றவர்கள் கேட்டவை. ஒன்றுக்கும் பதில் இல்லை. போகப் போகக் கேட்பதையே நிறுத்திவிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவன் மாசக்கணக்கில் இப்படிப் படிக்கிறான். எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறையில்தான் இருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

வசந்தம் பிறக்கும் நாள், வழக்கம்போல எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல். ராஷ்கோ எனக்குக் கட்டிவிட்டான். நான் அவனுக்குக் கட்ட மறந்துபோனேன். நாள் முழுக்க அறிக்கை.

மார்ச் 5, வியாழன்

நீரியல் நடத்தும் தோன்ச்சோவைப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். மனிதர் பேருந்து நிறுத்தத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இரண்டு ஊர்களில் ஐந்து பாடங்கள் நடத்துகிறார். தளத்தில் பதில் சொல்லும் நேரம் அவர் வேலைக் கணக்கில் சேராது. “கேள்வி வருதுன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன செஞ்சிருப்பேன்னு சொல்ல முடியல” என்றார். எனக்குச் சண்டை வரவில்லை. பேருந்து வந்தது, ஏறிப் போனார்.

மார்ச் 17, செவ்வாய்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். கேட்டது சிலதுதான். மாணவர் கேள்விக்கு மூன்று நாளுக்குள் பதில். வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர் நேரலையில் வர வேண்டும், அது அவர் வேலை நேரத்தில் சேர வேண்டும். கேள்விகளை மாற்ற வேண்டும். கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு.

மார்ச் 27, வெள்ளி

டீன் பாதியை அடித்துவிட்டார். பதிலும் இல்லை, நேரலையும் இல்லை. அவற்றுக்குச் செலவாகும். வாய்மொழித் தேர்வு மட்டும் உண்டு, அதற்குச் செலவில்லை, குழுவிடம் சொல்லவும் கம்பீரமாக இருக்கும். இந்த ஜூனிலேயே.

சொல்லிக்கொடுக்காமல் தேர்வு மட்டும் வைப்பதா என்று கேட்டேன். “நீங்க எழுதினதைத்தானே செய்றோம்?” என்றார்.

ராஷ்கோவிடம் எப்படிச் சொல்வது? அவன் வேலை பார்க்கும் நீர்வாரியத்தில் பிரிவுத் தலைவர் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். இரண்டாம் ஆண்டு முடித்த சான்று இருந்தால் அந்த இடம் இவனுக்கு. இருபது வருஷமாகக் குழாய் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்கி ஏறுகிறான். முழங்கால் போய்விட்டது.

மார்ச் 29, ஞாயிறு

சொன்னேன்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “ஊர்ல எல்லாரும் தட்டிவிட்டுப் பாஸ் பண்றான். என் பொண்டாட்டி மட்டும் நான் பாஸ் பண்றதத் தடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் படுக்கைக்குப் போனான்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

வழக்கப்படி சாயமிட்ட முட்டைகளை மோதினோம், உடையாத முட்டைக்காரருக்கு அதிர்ஷ்டமாம். என் முட்டைதான் உடையாமல் நின்றது. அதற்கும் அவன் முகம் போன போக்கு.

சொல்லித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம்.

ஜூன் 9, செவ்வாய்

வாய்மொழித் தேர்வில் ராஷ்கோவுக்கு ஆறுக்கு இரண்டு மதிப்பெண். அப்படியென்றால் தோல்வி. அவன் மட்டுமில்லை, வகுப்பில் முக்கால்வாசிப் பேர். தேர்வறை வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

சாப்பிடும்போது ராஷ்கோவே பேச்செடுத்தான். தோன்ச்சோ தன்மையாகத்தான் கேட்டாராம். “பைப்பு எனக்குத் தெரியும். அத அவங்க பாஷையில சொல்ல வரல. வாய் ஒட்டிக்கிச்சு” என்றான்.

ஜூன் 19, வெள்ளி

தலைவர் இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. ப்ளோவ்திவ் நகரத்தில் படித்தவன், வயது முப்பதுக்குள்.

ஜூன் 23, செவ்வாய்

நாளை குழு வருகிறது. நான்தான் பேச வேண்டுமாம். அடித்த பக்கங்கள் இல்லாத அறிக்கையை டீன் அழகாக அச்சடித்து வைத்திருக்கிறார்.

தூக்கம் வரவில்லை. ராஷ்கோவும் விழித்துத்தான் கிடந்தான். கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு வேலை போனாலும் போகலாம் என்றேன். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்: “எனக்கு ஆனது ஆயிடுச்சு. பாதிய மட்டும் சொல்லி மத்தவனுக்கும் அதையே பண்ணாத.”

ஜூன் 24, புதன்

அடித்ததையும் சேர்த்து வாசித்துவிட்டேன். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று டீனையே கேட்டாள். டீன் ஆசிரியர்கள் என்றார். தோன்ச்சோ கடைசி வரிசையில் எழுந்து, “நாங்க சொல்லல” என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 21, திங்கள்

முழு அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கெடு. வாராந்தர நேரலை இப்போது கட்டாயம். அது ஆசிரியர் வேலை நேரத்திலும் சேர்ந்துவிட்டது.

என்னை மதிப்பீட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அறையையும் மாற்றியாகிவிட்டது. இப்போது கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில். டீன் வணக்கம் சொல்வதில்லை. இஸ்க்ரா மட்டும் மதியத்தில் வந்து உட்காருகிறாள்.

ராஷ்கோ இன்னும் குழிக்குள்தான் இறங்குகிறான், அந்தப் பையனுக்குக் கீழே. இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பப் பதிந்துகொண்டான். என்னிடம் சொல்லவில்லை. இஸ்க்ரா சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 15, வியாழன்

தாமதமாக வந்தேன், பசி. சமையலறையில் மேசை முழுக்கத் தாள்கள், காதில் ஹெட்ஃபோனோடு ராஷ்கோ. திரையில் தோன்ச்சோவும் வேறு நாலைந்து முகங்களும். ஒருத்தி கேக் ஆர்டர் எடுக்கும் கடையிலிருந்தே வந்திருந்தாள், பின்னால் அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். ராஷ்கோ கையை ஆட்டி ஆட்டி, தோன்ச்சோ சொன்னதை மறுத்துக்கொண்டிருந்தான். தோன்ச்சோ தலையைச் சொறிந்தார்.

பீன்ஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டேன். கரண்டி சத்தம் கேட்டிருக்கும் போல. ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தூக்கினான்.

“கதவச் சாத்திட்டுப் போ நெவே. கிளாஸ் நடக்குது.”

சாத்திவிட்டு நடையில் நின்றபடியே குடித்தேன்.