ஒன்பது கிலோவும் உன் பெயரும்

என் ராசா, என் தம்பி சிதம்பரத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தெவசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் நம் அச்சகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறுதலாக நாலு வார்த்தை எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. வயிறு எரிகிறது. இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் அறந்தாங்கி முழுக்கப் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். வீசை, மணங்கு என்ற பழைய எடைகள் போய்க் கிலோ வந்தபோது ஜனங்கள் திணறிப் போனார்கள். வீட்டில் மணங்குக் கணக்கில் நிறுத்துக் கொண்டுவந்த கடலையை மண்டியில் கிலோத் தராசில் போட்டார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு என்று கேட்டால் மண்டிக்காரன் சொன்னதுதான் சட்டம். அப்போதுதான் நீ எடை மாற்று அட்டை போட்டாய். ஒரு பக்கம் மணங்கு, எதிரே கிலோ. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடலை மண்டி சொக்கலிங்கம் அட்டை அச்சாகும் முன்பே வந்தார். "தம்பி, மணங்குக்கு ஒரு கிலோ கூட்டிப் போடு. எல்லா மண்டிக்கும் நானே வாங்கித் தாரேன்" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "வாங்குறவங்களுக்கு ஒரு அட்டை, விக்கிறவங்களுக்கு ஒரு அட்டைன்னு நம்ம பிரஸ்ஸுல கெடையாதுங்க" என்றாய். அவர் முகம் போன போக்கை நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அன்றைக்கே எனக்குப் பயம் வந்தது.

பயந்த கைதான் பிழை செய்ததோ என்னவோ. அச்சுக்கு ஈய எழுத்துக் கோக்கிற நான், அதை இடம் வலம் மாற்றிப் படித்தே பழகியவள். ஐந்து மணங்குக்கு நேரே 56 கிலோ என்று வர வேண்டும். அச்சில் 65 என்று விழும்படி கோத்துவிட்டேன். ஐந்து மணங்கு மூட்டைக்கு ஒன்பது கிலோ கடலை விற்கிறவருக்கு நஷ்டம்! சொக்கலிங்கம் கேட்டு நீ மறுத்ததை என் கையே அவருக்குச் செய்து கொடுத்துவிட்டது. அக்கா கோத்ததுதானே என்று நீயும் அந்த வரியைச் சரியாகப் பார்க்கவில்லை.

அட்டைகள் கடைகளில் தொங்கிய பிறகுதான் பிழை தெரிந்தது. உடனே நீ காகிதம் வெட்டி மிஞ்சிய ஓரங்களில் திருத்தச் சீட்டு அடிக்கச் சொன்னாய். "ஐந்து மணங்கு என்பது 56 கிலோ. 65 என்று போட்டது என் பிழை. சிதம்பரம்." என் பிழை என்று ஏன் போட்டாய்? நான் எவ்வளவு சண்டை போட்டேன்! பசை டப்பாவை சைக்கிளில் மாட்டிக்கொண்டு, அட்டை தொங்கிய கடை ஒவ்வொன்றுக்கும் போய் உன் கையால் ஒட்டினாய். ஐப்பசி அடைமழை. ஒட்டி முடித்து வந்து காய்ச்சலில் படுத்தவன்தான், பிறகு எழவே இல்லை.

நீ மழையில் அலைந்த நாட்களில் சொக்கலிங்கம் கடைத்தெருவில் நின்று என்ன பேசினார் தெரியுமா? "பாத்தீங்களா, தப்புன்னு அவனே எழுதி ஒட்டிட்டுப் போறான். இனிமே அவன் அட்டைய நம்பலாமா?" உனக்குப் 'பிழைக்காரன்' என்று பெயர் வைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள்கூடப் படியேறத் தயங்கினார்கள். காய்ச்சலில் கிடந்தபோது நீ கேட்டாய்: "அக்கா, தப்பைச் சொன்னதுதான் தப்பா?"

இப்போது புதுச் செய்தி. போன சந்தை நாளில் ஆலங்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஓர் அட்டையுடன் வந்தாள். "வீட்டுல நிறுத்தா அஞ்சு மணங்குங்க. மண்டிக்குக் கொண்டு போனா பத்தலங்கிறாக. கேட்டா இந்த அட்டையக் காட்டுறாக. ஒண்ணு கேட்டு வாங்கியாந்தேன். என்னன்னு பாருங்க அக்கா" என்றாள். சொக்கலிங்கம் மண்டியின் பெயர் போட்ட அட்டை. வெளியூரில் அடித்திருக்கிறார். நான் செய்த கட்டம், நான் கோத்த வரிசை, அப்படியே நம் முதல் அட்டை. ஐந்து மணங்குக்கு நேரே 65.

தம்பி, உன்னைப் பிழைக்காரன் என்றவர் அந்தப் பிழையை வைத்துத்தான் ஒரு வருஷமாக நிறுத்திருக்கிறார்!

அட்டை என் கையில் இருப்பது தெரிந்ததும் சொக்கலிங்கமே நேரில் வந்துவிட்டார். "தங்கச்சி, செத்துப்போனவனுக்காக எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க? எல்லா மண்டி வேலையும் இனி ஒங்க பிரஸ்ஸுக்குத்தான். சத்தமில்லாம புது அட்டை போட்டுருவோம்."

"போடலாமுங்க. எந்தம்பி பிழைக்காரன் இல்லைன்னு சந்தையில நின்னு நீங்க சொல்லுங்க. அப்பறம் போடலாம்."

"அது எப்படி முடியும்?"

"அப்ப கெளம்புங்க."

மிஷின் சும்மா கிடக்கிறது, தெரியும். வேலை இல்லாமல் அச்சகத்தை எத்தனை நாள் திறந்து வைப்பேன் என்பதும் தெரியாது. இருந்தும் அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்தபோது இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

சொக்கலிங்கத்தின் பெயரைப் போட்டு அச்சடிக்க நம் மிஷின்காரர் சம்சுதீனுக்குத்தான் மனசில்லை. "தம்பி இருந்தா பேரு போட விடமாட்டாருக்கா. நம்ம தப்புன்னா நம்ம பேரோட சொல்லணும், அடுத்தவுக தப்புன்னா தப்பை மட்டும் சொல்லணும்பாரு" என்றார். ஆமாம், அது உன் சட்டம். அந்தச் சட்டத்தில் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன், மீதிப் பாதியை மீறுகிறேன். நீ நல்லவன். நான் உன் அளவுக்கு நல்லவள் இல்லை, இருக்கவும் எனக்கு ஆசையில்லை.

இந்தக் கடிதத்தை நானே கோத்து, சந்தைக்கு வரும் ஒவ்வொரு கடலை வண்டிக்கும் கொடுக்கப் போகிறேன். கூடவே மிச்சக் காகிதத்தில் ஒரு சீட்டு. அவர் அட்டை எங்கெங்கே தொங்குகிறதோ அங்கெல்லாம் போய், எத்தனை தடவை கிழித்தாலும் அத்தனை தடவையும் ஒட்டுவேன். அவரை மன்னித்துவிடு என்று சொல்லக் கனவில் வராதே. வந்தாலும் கேட்க மாட்டேன். சீட்டில் இருப்பது இதுதான், மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்:

ஐந்து மணங்கு என்பது 56 கிலோ.
65 என்று தவறாகக் கோத்தவள் மீனாட்சி.
தவறென்று தெரிந்தே அந்தக் கணக்கில் நிறுத்தவர் கடலை மண்டி சொக்கலிங்கம்.
திருத்தியவன் சிதம்பரம்.

இப்படிக்கு,
என்னைக் காப்பாற்ற நீ கொடுத்த உன் பெயரை உனக்கே திருப்பித் தரும்
உன் அக்கா மீனாட்சி